வேர் கீழே போகத்தான் பார்க்கிறது

2024 மே மாதத்தில் எங்கள் தோட்டத்துக் கேரட்டைப் பிடுங்கினோம். பூம்பாறைக்கு மேலே, மன்னவனூர் ரோட்டை ஒட்டிய படிநிலம். பிப்ரவரியில் விதைத்தது. பிடுங்கப் பிடுங்க மனசு கசந்து போச்சு. விரல் நீளத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. பாதிக்கு மேல் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, கால் முளைத்த மாதிரி இருந்தது. நிறமும் வெளுப்பு. ஒட்டன்சத்திரத்துக்கு ஏற்றியதில் நல்ல தரம் என்று எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். மீதியை மாட்டுத் தீவனத்துக்குப் போகிற விலைக்குத் தள்ளிவிட்டு வந்தேன்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேனேஜர் சார், மலை சூடாயிருச்சு. இனிமே இங்க கேரட்டு வராது. பேசாம ரெண்டு காட்டேஜைக் கட்டி விட்ருங்க."

கேலியாகச் சொல்லவில்லை. அவருடைய ஒன்றரை ஏக்கரை விலைக்குக் கேட்டு அப்போதே ஆள் வந்து போயிருந்தது. மகன் விற்றுவிடலாம் என்கிறான். அண்ணனுக்கு மனசு இல்லை. ஆனால் அவர் தோட்டத்துக் கேரட்டும் என்னுடையதைப் போலத்தான் வந்திருந்தது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் பயிர்க்கடன் மனுக்களைப் படித்தவன். 'வெயிலால் விளைச்சல் இல்லை' என்று வரும் மனுவை அப்படியே ஏற்கவும் மாட்டேன், தள்ளவும் மாட்டேன். நேரில் போய் நிலத்தைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. அதையே என் நிலத்துக்கும் செய்வது என்று முடிவு செய்தேன். அந்தச் சோதனையில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே நம் உழவர் நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மலை எவ்வளவு சூடாகியிருக்கிறது?

1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. ஒன்றிய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கையில் உள்ள கணக்கு இது. "அரை டிகிரி, முக்கால் டிகிரியெல்லாம் ஒரு சூடா?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

மலைக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பநிலை ஆறு, ஆறரை டிகிரி குறையும். வத்தலக்குண்டில் வேர்வையோடு பஸ் ஏறுகிறவர், பெருமாள்மலை வந்ததும் சால்வையைத் தேடுவது இதனால்தான். அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி சூடு கூடினால், நம் நிலத்தை 150 மீட்டர் கீழே இறக்கி வைத்ததற்குச் சமம். 0.7 டிகிரிக்கு நூறு மீட்டருக்கு மேல் வருகிறது. வரப்பும் கிணறும் வேலியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தட்பவெப்பம் மட்டும் நூறு மீட்டர் கீழே இறங்கிவிட்டது.

இது சராசரிக் கணக்கு. பயிரைச் சாய்ப்பது சராசரி அல்ல, சில நாட்கள்தான். 2024 ஏப்ரல் 28 அன்று ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. அதுவரை அங்கே பதிவானதிலேயே அதுதான் அதிகம். அந்த வாரம் எங்கள் மலையிலும் மத்தியான நேரத்தில் பாத்தியில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

அதனால் அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மையா என்பதுதான் கேள்வி.

வேருக்கே சூடு தெரியும்

செடிக்குச் சூடு தெரிகிறது என்றால், இலையில்தான் முதலில் தெரியும், இலை சொல்லித்தான் வேருக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். வெளிநாட்டில் படிக்கும் என் தங்கை மகள் அனுப்பிய ஒரு ஆய்வுச் செய்தி அதை மாற்றியது.

ஜெர்மனியில் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் மார்செல் குவின்ட் என்ற பேராசிரியரின் குழு 2023-ல் வெளியிட்ட ஆய்வு அது. கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சின்னச் செடி, முட்டைக்கோஸ், தக்காளி ஆகியவற்றின் நாற்றுகளை எடுத்துக்கொண்டு, வெப்பத்தை 20-லிருந்து 28 டிகிரிக்கு உயர்த்திப் பார்த்திருக்கிறார்கள். வேர்கள் வேகமாக நீண்டன. பிறகு நாற்றின் மேல்பகுதியை நறுக்கிவிட்டு, வெறும் வேரை மட்டும் அதே சூட்டில் வைத்தார்கள். அப்போதும் வேர் நீண்டது. ஆக, இலை சொல்லி வேர் கேட்பதில்லை. வேருக்கே சூடு தெரிகிறது.

சூடு தெரிந்ததும் வேர் என்ன செய்கிறது? ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது வேர் நுனிக்குப் போய், அங்கே செல்கள் வேகமாகப் பிரிகின்றன. நுனி கீழே கீழே என்று இறங்குகிறது. கீழே போனால் மண் குளிர்ச்சியாக இருக்கும், ஈரமும் இருக்கும். வெயிலும் வறட்சியும் ஜோடியாக வருகிறவை என்பதால் செடி கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி இது.

ஆய்வகத்துத் தட்டில் வளர்ந்த நாற்றுக்கும் நம் தோட்டத்துப் பயிருக்கும் வித்தியாசம் உண்டு. சூட்டுக்கும் ஒரு அளவு உண்டு, அதைத் தாண்டினால் எந்த வேரும் நின்றுபோகும். ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. சூட்டில் வேர் கீழே போகத்தான் பார்க்கிறது என்றால், என் கேரட் ஏன் விரல் நீளத்தில் நின்றது?

கடப்பாரை சொன்ன பதில்

மண்ணில் குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வாங்கினேன். ஒரு நோட்டும் போட்டேன். தினமும் மதியம் இரண்டு மணிக்கு அளவு எடுத்து எழுதுவது. வங்கிப் பழக்கம், விடாது.

வெயில் நாள் ஒன்றில் எழுதியது இது. வெறும் பாத்தியில் 5 செ.மீ. ஆழத்தில் 30 டிகிரி. 15 செ.மீ. ஆழத்தில் 23. காய்ந்த புல் மூடியிருந்த பூண்டுப் பாத்தியில் அதே 5 செ.மீ. ஆழத்தில் 21. ஒன்றரை அடிக் குழி தோண்டிப் பக்கவாட்டில் குத்திப் பார்த்தால் 18. அந்தக் குழியில் காலையில் பார்த்தாலும் அதே 18-தான். பகல் சூடு அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவதே இல்லை. அதாவது என் கேரட் தேடிய குளிர்ச்சி ஒன்றரை அடிக்குக் கீழே காத்துக்கொண்டிருந்தது. வேர்தான் போய்ச் சேரவில்லை.

ஏன் என்று பார்க்கக் கடப்பாரையைச் செங்குத்தாகப் பிடித்து, என் உடம்பு எடையை மட்டும் கொடுத்து இறக்கினேன். ஒரு சாண் வரை வெண்ணெய் மாதிரி இறங்கியது. அதற்குக் கீழே "டங்"கென்று நின்றது. பத்து இடத்தில் குத்தினேன். எட்டு இடத்தில் அதே ஆழத்தில் அதே தடை. பாறை இல்லை, இறுகிப்போன மண். நான் இந்த நிலத்தை வாங்கியதிலிருந்து வருடத்துக்கு மூன்று தடவை பவர் டில்லர் ஓட்டியிருக்கிறேன். மேலே ஒரு சாண் மண்ணைப் புழுதியாக்கிய அதே யந்திரம், அதன் கத்தி தேய்த்துப் போன அடியில் ஒரு தளம் போட்டுவிட்டது. இயற்கை விவசாயம் என்று ரசாயனத்தை நிறுத்தினேனே தவிர, உழவை நிறுத்தவில்லை.

கேரட்டின் நீளம், அறுவடைக்கு முந்தின மாதத்தில் முடிவாகிற விஷயம் இல்லை. முளைத்த முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே அந்த ஒற்றை ஆணிவேர் நூல் மாதிரி எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, அதை வைத்தே நீளம் ஏறக்குறைய தீர்மானமாகிவிடும். அதற்குப் பிறகு நடப்பது பருப்பது மட்டும்தான். அந்த முதல் வாரங்களில் நுனி கெட்டித் தளத்தில் முட்டினாலோ, மேல்மண் காய்ந்து நுனி கருகினாலோ, வேர் பக்கத்தில் கிளை பிரியும். அதுதான் நான் பிடுங்கிய 'கால் முளைத்த' கேரட். வேர்முடிச்சு நூற்புழு இருந்தாலும் இப்படிப் பிரியும். ஆனால் அப்போது சல்லிவேரில் சின்னச் சின்ன முடிச்சு தெரியும். என் கேரட்டில் முடிச்சு இல்லை. மட்காத சாணம் போட்டாலும் பிரியும். நான் போட்டது நன்றாக மட்கிய தொழுவுரம்.

ஆக, குற்றவாளி ஒருவர் இல்லை, இருவர். மேலே சூடு விரட்டியது. கீழே நான் போட்ட தளம் தடுத்தது. நடுவில் மாட்டிக்கொண்டது வேர். 'மலை சூடாயிருச்சு' என்று ஒரே வரியில் கணக்கை முடித்திருந்தால், என் பங்கு வெளியே வந்திருக்காது.

பயிருக்குப் பயிர் கணக்கு வேறு

நம் மலையில் விளைகிற முக்கியமான சரக்கெல்லாம் மண்ணுக்கு அடியில் விளைவது. நெல்லுக்கு வேர் என்பது கதிருக்குச் சோறு போடுகிற வழி. நமக்கு வேரும் கிழங்கும்தான் விளைச்சலே. அதனால் சூடு நம்மை வேறு விதமாகப் பாதிக்கிறது.

வேரும் மூச்சு விடுகிறது. சூடு கூடக் கூட மூச்சு வேகமாகும். பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூச்சுக்குச் செலவாவது இலை தயாரித்த சர்க்கரை. பகலில் இலை சம்பாதித்ததைச் சூடான மண்ணில் வேர் மூச்சாகவே செலவழித்துவிட்டால், கிழங்கில் சேமிக்க என்ன மிஞ்சும்? வரவு அதேதான், செலவு கூடிவிட்டது, இருப்பு குறைந்துவிட்டது.

கேரட் நன்றாகப் பருத்து நிறம் பிடிப்பது 15 முதல் 20 டிகிரிக்குள். அதற்கு மேலே போகப் போகக் குட்டையாகும், நிறம் வெளுக்கும், காரல் வாடை வரும். பீட்ரூட்டை வெட்டிப் பார்த்தால் வெள்ளை வளையம் வளையமாகத் தெரிவதும் பெரும்பாலும் சூட்டில் வளர்ந்த அடையாளம்.

உருளைக்கிழங்குக்குப் பகல் வெயிலைவிட ராத்திரிச் சூடுதான் எதிரி. இரவு 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் கிழங்கு கட்டும். இரவும் சூடாக இருந்தால் செடி இலையும் தண்டுமாக உயரும். பார்க்க அழகாக இருக்கும். தோண்டினால் கோலிக்குண்டுதான்.

மலைப்பூண்டு இன்னொரு வகை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கொடைக்கானல் மலைப்பூண்டு பல் பல்லாகப் பிரிவதற்குக் குளிர் வேண்டும். விதைப்பூண்டோ இளஞ்செடியோ சில வாரங்கள் நல்ல குளிரை அனுபவித்தால்தான், பிறகு பகல் நீளும்போது பல் பிரியும். குளிர் போதாவிட்டால் வெங்காயம் மாதிரி ஒரே உருண்டையாக நின்றுவிடும். வடுகபட்டிச் சந்தையில் பல் பிரியாத சரக்குக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும்.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். சூட்டில் வேகமாக மூச்சு விடுகிற வேருக்கு அந்த நேரத்தில் காற்றும் குறைகிறது. 'வெயில் அடிக்குதே' என்று ஸ்பிரிங்ளரை நாள் பூராவும் திறந்துவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகுவது இப்படித்தான். அதிகாலைப் பாசனம் போதும்.

தோட்டத்தில் செய்தது

அந்த ஆவணியிலிருந்து நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உழவை நிறுத்தினேன். ஒரே ஒரு முறை, கடப்பாரையும் முள்கொத்தும் வைத்து, மண்ணைப் புரட்டாமல் அந்தக் கெட்டித் தளத்தை மட்டும் உடைத்தோம். கூலி அதிகம்தான். அதனால் முழு நிலத்திலும் செய்யவில்லை, முதலில் கால் ஏக்கர் மட்டும். அங்கே ஒன்றரை அடி உயர மேட்டுப்பாத்தி போட்டோம். அதற்குப் பிறகு பாத்தி மேல் யாரும் கால் வைப்பதில்லை. நடப்பது வாய்க்காலில் மட்டும்.

அடுத்து, கேரட்டுக்கு முன்னால் முள்ளங்கி, கடுகு, பட்டாணி, கொத்தமல்லி என்று கலந்து விதைத்தோம். நம் பலதானிய விதைப்பு மாதிரிதான், மலைக்கு ஏற்ற விதைகள். முள்ளங்கியும் கடுகும் ஆழமாகத் துளை போடும். பூக்கும் சமயத்தில் தரையோடு அறுத்து அங்கேயே போட்டோம். வேரைப் பிடுங்கவில்லை. அது மண்ணுக்குள்ளேயே மட்கி, அந்தத் துளை அடுத்த பயிரின் வேருக்குத் தயாரான வழியாகிறது. வேர் புதுவழி வெட்டுவதைவிடப் பழைய வழியில் இறங்குவது சுலபம்.

கேரட் விதைத்ததும் முளைக்கும் வரை நனைத்த சாக்கைப் போர்த்தினோம். தினமும் தூக்கிப் பார்த்து, முளை தெரிந்த அன்றே எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்துவிடும். முதல் மூன்று வாரம் மேல்மண் காயவே விடவில்லை. மூன்று இலை வந்ததும் வரிசைக்கு நடுவில் காய்ந்த புல், பீன்ஸ் கொடி, பூண்டுத்தாள் என்று கிடைத்ததையெல்லாம் இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டோம். செடி வளர வளரக் கனத்தைக் கூட்டினோம். நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராகப் போய் மூடாக்கு, மூடாக்கு என்று சொன்னதை ஈரம் காக்கத்தான் என்று நினைத்திருந்தேன். அது வேருக்குக் குடையும் என்பது வெப்பமானியைக் குத்திப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

மேற்கு வரப்பில் ஒரு வரிசை அகத்தியும் மேரக்காய்ப் பந்தலும் வைத்தேன். மூன்று மணிக்கு மேல் அடிக்கிற வெயிலை அவை வாங்கிக்கொள்கின்றன.

2025 மே மாதம் அந்தக் கால் ஏக்கரில் பிடுங்கினோம். எல்லாம் அற்புதம் என்று சொல்ல மாட்டேன். கவைத்தது இன்னும் இருக்கிறது, ஆனால் பத்துக்கு இரண்டு. நீளம் ஒரு சாணைத் தொட்டது. நிறம் முன்னைவிடத் தேவலை. அந்தக் கோடை முந்தின கோடையை விடக் கொஞ்சம் மிதமாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஆனால் அதே கோடையில், தளம் உடைக்காத பக்கத்துப் பாத்தியில் பிடுங்கியது பழைய குட்டைக் கேரட்தான். அந்த வித்தியாசத்தைக் கோடை மிதமாக இருந்ததால் வந்தது என்று தள்ள முடியாது.

மூடாக்கால் ஆகாதது

மூடாக்கிலும் தொல்லை உண்டு. மழைக்காலத்தில் நத்தை சேரும். மார்கழி, தையில் உறைபனி விழும் மேட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டும். பகலில் மண் வாங்கிய சூட்டை ராத்திரியில் வெளியே விட்டால்தான் செடியைச் சுற்றிக் கொஞ்சம் கதகதப்பு இருக்கும். கனமான மூடாக்கு அந்தச் சூட்டை அடைத்துவிடும், இலை கருகும். அந்த இரண்டு மாதம் மூடாக்கை ஒதுக்கி வைத்துவிட்டு, மாசியில் மறுபடி இழுத்துப் போடுவதுதான் சரி.

அதைவிடப் பெரிய எல்லை ஒன்று இருக்கிறது. மூடாக்கு மண்ணைக் குளிர்விக்கும், காற்றைக் குளிர்விக்காது. பூண்டு கேட்கிற குளிரை எந்தப் புல்லும் தராது. உருளை கேட்கிற குளிர்ந்த ராத்திரியையும் தராது. பூண்டுக்கு நடவுத் தேதியை மாற்றிப் பார்க்கிறோம். நம் பாத்தியிலேயே நன்றாகப் பல் பிரிந்ததை மட்டும் விதைக்கு எடுத்துப் பரணில் தொங்கவிடுகிறோம். இது பல வருட வேலை.

சமவெளிக்காரருக்குச் சூடு கூடினால், 'இந்தப் பயிரை மலைக்குக் கொண்டுபோ' என்று சொல்லலாம். நாம் எங்கே போவது? நமக்கு மேலே இருப்பது சோலையும் புல்வெளியும். அவைதான் நம் ஓடைக்குத் தண்ணீர் தருகின்றன. அங்கே மண்வெட்டி போகக் கூடாது. அதனால் மேலே போக வழி இல்லாத நமக்கு, கீழே போகிற வழி ஒன்றுதான் பாக்கி. ஒன்றரை அடிக்குக் கீழே இன்னும் குளிர்ச்சி இருக்கிறது. அங்கே வேரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் கையில் இருக்கிற வேலை.

சோலை ஓரத்தில் ஒரு மத்தியானம் சருகை ஒதுக்கி வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன். 5 செ.மீ. ஆழத்தில் 16 டிகிரி. அங்கே யாரும் உழவில்லை, யாரும் பெருக்கவில்லை. கடப்பாரை தேவைப்படவில்லை, ஒரு குச்சியே முழங்கை ஆழம் இறங்கியது.

உங்கள் தோட்டத்திலும் பார்க்கலாம். ஒரு கடப்பாரை, ஒரு வெப்பமானி, ஒரு நோட்டு போதும். மழை பெய்த மூன்றாம் நாள், மண் பதமாக இருக்கும்போது குத்துங்கள். எந்த ஆழத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள். மத்தியானச் சூட்டை வெறும் பாத்தியிலும் மூடிய பாத்தியிலும் எழுதுங்கள். பிடுங்கும்போது கவைத்தது எத்தனை, நேரானது எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். இரண்டு வருடம் எழுதினால் சூட்டின் பங்கு எது, நம் பங்கு எது என்று தெரிந்துவிடும்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போன மாதம் வந்து கடப்பாரையை இரவல் வாங்கிக்கொண்டு போனார். "ஒரு பாத்தி மட்டும் போட்டுப் பாக்குறேன் சார்" என்றார். நிலத்தை இன்னும் விற்கவில்லை. மகனிடம் அடுத்த சித்திரை வரை தவணை கேட்டிருக்கிறாராம்.